ஒரே மாத்திரை, ஒரே அளவு: ஒருவருக்கு மட்டும் ஏன் இத்தனை பக்கவிளைவு?

[திரையில்: ஒரே மாத்திரை அட்டை, இருவர் கையில்]

இரண்டு பேருக்கு ஒரே மனநல மாத்திரை, ஒரே அளவு. ஒருவர் சில வாரங்களில் தேறி வேலைக்குப் போகிறார். இன்னொருவருக்குக் கை நடுங்குகிறது, ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறார். "மனசுல தைரியம் இல்ல, அதான் மருந்து ஒத்துக்கல" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. இது அநியாயமான பேச்சு. பல நேரம் விஷயம் கல்லீரலில் இருக்கிறது.

மருந்தைச் சிதைக்கும் நொதிகள் (என்சைம்கள்) அங்கேதான் அதிகம். மனநல மருந்துகளுக்கு இரண்டு நொதிகள் முக்கியம்: சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19. சுருக்கமாக 2டி6, 2சி19. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இவற்றின் மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டுமே வேலை செய்யாதவையாக அமைந்தால், மருந்து ரத்தத்தில் தேங்கும். வேறு சிலருக்கு 2டி6 மரபணு கூடுதல் பிரதிகளாகப் பெருகியிருக்கும். மருந்து பலன் தருவதற்குள் சிதைந்துவிடும். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று இவர்களைத்தான் கேட்கிறோம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும்!

[திரையில்: 1975, லண்டன்]

ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் டெப்ரிசோகுயின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். உடன் சாப்பிட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் அழுத்தம் தடாலென்று இறங்கி, நிற்க முடியாமல் போனது. அவர் உடம்பு அந்த மருந்தைச் சிதைக்கவே இல்லை என்று சொல்லலாம். பின்னால் தெரிந்த காரணம், இதே 2டி6.

[திரையில்: இரண்டு வரைகோடுகள், ஒன்று மெல்ல ஏறிக்கொண்டே போகிறது]

மனச்சிதைவு போன்றவற்றுக்குத் தரப்படும் அரிப்பிப்ரசோல் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய வழக்கமாக 75 மணி நேரம் ஆகும். 2டி6 வேலை செய்யாதவருக்கு 146 மணி நேரம். தினமும் ஒரு மாத்திரை என்றால், வழக்கமானவருக்கு இரண்டு வாரத்தில் அளவு நிலைபெறும். இவருக்கு ஒரு மாதம் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் சும்மா இருந்த தவிப்பு மூன்றாம் வாரம் ஆரம்பித்தால் ஆச்சரியமில்லை. அதனால்தான் இவர்களுக்கு வழக்கத்தில் பாதி அளவு போதும் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. மனச்சோர்வு மருந்தான சிட்டலோப்ராமும் அப்படித்தான்: 2சி19 வேலை செய்யாதவருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

சரி, மரபணுவைப் பரிசோதித்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. எந்த மருந்து உங்களைக் குணப்படுத்தும் என்று அது சொல்லாது. அப்புறம், ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் 2டி6-ஐயே முடக்கிவிடும். மரபணு நன்றாக இருந்தும் உடம்பு மெதுவாகச் சிதைக்கும். மனச்சிதைவுக்குத் தரப்படும் க்ளோசபின் கதை வேறு. சிகரெட் புகை அதைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடும். புகைப்பதை நிறுத்தினால் அதே அளவு மாத்திரையிலேயே ரத்தத்தில் மருந்து ஏறும். நிறுத்துவது நல்லதுதான், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்று மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். எந்த வாரம் ஆரம்பித்தது, வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். அளவைக் குறைக்கலாமா, வேறு நொதியால் சிதையும் மருந்துக்கு மாறலாமா, மரபணுப் பரிசோதனை உதவுமா என்று நேரடியாகவே கேளுங்கள்.