வெறும் தொட்டியும் ஒரு கிறிஸ்துமஸ்தான்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸை ஒரு வாரம் முன்னாலேயே கொண்டாடிவிடும் குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அக்கா மருத்துவமனையில் செவிலியர். 25ஆம் தேதி நோய்க்கு விடுமுறை இல்லையே! அவளுக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ, அன்று எல்லோரும் ஊருக்குப் போய்ச் சேருவோம்.

"தேதி தப்பி வருவது பண்டிகையா?" என்று கேட்பார்கள். சரி, தேதியையே பார்ப்போம். இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று நற்செய்தி நூல்களில் இல்லை. டிசம்பர் 25 என்பது 354ஆம் ஆண்டின் ரோமானிய நாட்காட்டித் தொகுப்பு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. ஆர்மேனியத் திருச்சபைக்கு ஜனவரி 6. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு ஜனவரி 7. ரஷ்யர்களும் தங்கள் கணக்கில் டிசம்பர் 25 அன்றுதான் கொண்டாடுகிறார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டி 13 நாள் பின்தங்கி ஓடுகிறது, அவ்வளவுதான். ஆக, பிந்திக் கொண்டாடினால் மரபு, முந்திக் கொண்டாடினால் குறையா?

ஆனால் இந்த வாதமெல்லாம் என் அம்மாவிடம் செல்லாது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு வருடம் டிசம்பர் 17ஆம் தேதி கூடினோம். அம்மா இயேசு பிறப்பைக் காட்டும் குடில் வைத்திருந்தார். சூசையப்பர் இருக்கிறார், மாதா இருக்கிறார், ஒரு காது உடைந்த ஆடுகூட இருக்கிறது. நடுவில் தீவனத்தொட்டி மட்டும் காலி. பாலன் இயேசு சொரூபம் பஞ்சில் சுற்றி அலமாரிக்குள். 24ஆம் தேதி நள்ளிரவுக்கு முன் அதை வெளியே எடுக்க மாட்டார். நாங்கள் எவ்வளவோ கெஞ்சினோம். ம்ஹூம்.

அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. குடில் முன் குந்தியிருந்தவன் கேட்டான்: "பாட்டி, பாப்பா எங்கே?"

"இன்னும் பிறக்கலையே ராசா."

"அப்போ நாம யாருக்குப் பிறந்தநாள் கொண்டாடுறோம்?"

வீடே வாயடைத்துப் போனது. அம்மா மட்டும் அசரவில்லை. "நீங்க வர்ற அன்னிக்கு நான் காலையில இருந்தே வாசல்ல நிக்கலையா? அது மாதிரிதான் இது" என்றார்.

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் நான்கு வார திருவருகைக் காலத்தைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். முந்திக் கொண்டாடுகிறவர்கள் அந்தத் தொட்டியைக் காலியாகவே விடலாம். திரும்பவும் சொல்கிறேன், காலியாகவே விடலாம். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் குடில் அமைக்க, இரண்டு வாரம் முன்னாலேயே ஒருவரிடம் சொல்லி வைத்துவிட்டாராம். ஏற்பாடும் பண்டிகையோடு சேர்ந்ததுதானே.

கதை இன்னும் முடியவில்லை. 24ஆம் தேதி இரவு நாங்கள் ஆளுக்கொரு ஊரில். பத்தரை மணிக்கே அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு. தொட்டியில் பாலன் இயேசு! நள்ளிரவுக்கு முன் தொடவே மாட்டாரே, என்ன ஆயிற்று என்று பதறிவிட்டேன். "பத்தரைக்குத்தான் அவளுக்கு இடைவேளையாம்" என்றார். திரையின் மூலையில் சீருடையில் அக்கா, கையில் தண்ணீர் பாட்டில். எட்டு நாள் விட்டுக்கொடுக்காதவர் மகளுக்காக ஒன்றரை மணி நேரம் விட்டுக்கொடுத்தார். வழிபாட்டு முறைப்படி அதிலும் தவறில்லை. 24ஆம் தேதி மாலையிலேயே விழா தொடங்கிவிடுகிறது. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் எல்லாச் சட்டமும் மாறிவிடும்!

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். எப்படித் திட்டமிடுவது என்று ஒரு தாள் நிறைய எழுதி வந்தேன், அது போயிற்று. இரண்டு மட்டும். நாள் குறிக்கும் முன் ஷிஃப்ட் வேலையில் இருப்பவரைக் கேளுங்கள், மற்றவர்களை அப்புறம் கேட்கலாம். அப்புறம், 25ஆம் தேதி வேலைக்குப் போகிறவரின் பையில் பிரிக்காத ஒரு பரிசை வைத்து அனுப்புங்கள். மற்றது… நேரமில்லை. நன்றி, வணக்கம்.