நரம்பில்லாத நாக்கு: பென்னி ஆர்கேட்டின் கதை

(திரையில்: மூன்று கட்டங்கள் கொண்ட வண்ணச் சித்திரக்கதை. இரண்டு இளைஞர்கள் சோபாவில் அமர்ந்து வீடியோ கேம் விளையாடுகிறார்கள்.)

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள் மைக் கிராஹுலிக்கும் ஜெரி ஹோல்கின்ஸும். கிராஹுலிக் வரைவார், ஹோல்கின்ஸ் எழுதுவார். ஒரு கேம் பத்திரிகை நடத்திய போட்டிக்குத் தங்கள் சித்திரக்கதையை அனுப்பினார்கள், பத்திரிகை கண்டுகொள்ளவில்லை. சரி போகட்டும் என்று 1998 நவம்பரில் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். பெயர் பென்னி ஆர்கேட். பிற்பாடு திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை வருவது வழக்கமாயிற்று.

கதை மாந்தர் இருவரும் அவர்களே. கேப் என்பவன் கிராஹுலிக். வாயில் வந்ததைக் கொட்டிவிடுவான். டைக்கோ என்பவன் ஹோல்கின்ஸ். ஒரு வசையைக் கூட அகராதி புரட்டி அலங்கரித்துத்தான் வீசுவான். அந்த வாரம் வெளியான விளையாட்டு, அந்த வாரம் ஒரு நிறுவனம் விட்ட புளுகு, இவைதான் சரக்கு. விளையாடாதவருக்கு நகைச்சுவை புரியாது, புரியவைக்கவும் மாட்டார்கள். ஆனால் விளையாடுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அன்றைய கேம் பத்திரிகைகள், எந்த நிறுவனங்களின் விளையாட்டுகளை விமர்சித்தனவோ அதே நிறுவனங்களின் விளம்பரத்தில்தான் பிழைத்தன. குப்பையைக் குப்பை என்று சொல்ல இந்த இருவருக்கு வாய் இருந்தது. ஆபாசமான வாய்தான், ஆனாலும் நம்பத்தகுந்த வாய்.

(திரையில்: 2005. ஒரு வழக்கறிஞரின் திறந்த கடிதம்.)

அந்த வாயின் பொற்காலம் எது என்று கேட்டால், ஜாக் தாம்சன் விவகாரத்தைத்தான் சொல்வேன். தாம்சன் ஃபுளோரிடா வழக்கறிஞர். வீடியோ கேம்கள் பிள்ளைகளைக் கொலைகாரர்கள் ஆக்குகின்றன என்று தொலைக்காட்சி தொலைக்காட்சியாக முழங்கிக்கொண்டிருந்தவர். 2005 அக்டோபரில் ஒரு சவால் விட்டார். மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் கேம் நிறுவன அதிகாரிகளைத் தேடித்தேடிக் கொல்வதாக ஒரு கதையைத் தானே எழுதி, அதை யாராவது விளையாட்டாகத் தயாரித்தால் 10,000 டாலர் அறக்கொடை தருவதாக அறிவித்தார். சில ரசிகர்கள் உண்மையாகவே அதை உருவாக்கிவிட்டார்கள். உடனே தாம்சன், நான் சொன்னது வெறும் அங்கதம் என்று கைவிரித்தார்.

பென்னி ஆர்கேட் இருவரும் அந்த 10,000 டாலரைத் தங்கள் பணத்திலிருந்து, கேம் தொழில்துறையின் அறக்கட்டளை ஒன்றுக்குத் தாம்சன் பெயரிலேயே கொடுத்தார்கள். ஜாக் தாம்சன் கொடுக்க மாட்டார் என்பதால் ஜாக் தாம்சனுக்காக, என்று குறிப்பும் எழுதினார்கள். தாம்சன் சும்மா இருப்பாரா? சியாட்டில் காவல்துறைத் தலைவருக்குப் புகார் ஃபேக்ஸ் அனுப்பினார். அந்தப் புகாரும் பொதுமக்களின் சிரிப்புக்கு உணவாயிற்று. 2008இல் அவருடைய வழக்கறிஞர் உரிமமே பறிபோனது. அது வேறு வழக்குகளில் அவர் நடந்துகொண்ட விதத்துக்காக.

இதற்குள் இருவரும் பெரிய ஆட்களாகியிருந்தார்கள். மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்குப் பொம்மையும் விளையாட்டும் வாங்கித்தரும் சைல்ட்ஸ் பிளே அமைப்பை 2003இல் தொடங்கினார்கள். 2004இல் பாக்ஸ் என்ற கேம் விழா. பெல்வியூ நகரில் சில ஆயிரம் பேருடன் தொடங்கிய அது, சியாட்டில், பாஸ்டன், மெல்பர்ன் என்று கிளை பரப்பியது.

(திரையில்: பச்சைக் கரும்பலகை, அதில் ஒரு சமன்பாடு.)

அதே 2004இல் அவர்கள் வரைந்த ஒரு கட்டம் இணையம் முழுக்கச் சுற்றியது. இன்றும் சுற்றுகிறது. பலகையில் ஒரு கணக்கு: சாதாரண மனிதன், கூட்டல் பெயர் மறைவு, கூட்டல் பார்வையாளர் கூட்டம். விடை, இங்கே உச்சரிக்க முடியாத ஒரு வசைச்சொல். இணையத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை என்று பலர் நினைத்தார்கள். கணக்கில் ஒரு பிழை உண்டு. அதை நிரூபித்ததும் வரைந்தவரே.

2010 ஆகஸ்ட். வழக்கம்போல் ஒரு மூன்று கட்டக் கதை. அடிமைச் சிறையில் ஒருவன் கதாநாயகனிடம் கெஞ்சுகிறான்: என்னையும் அழைத்துச் செல். காலையில் அடி, இரவில் ஓநாய் போன்ற பிராணிகளின் பாலியல் கொடுமை என்று விவரிக்கிறான். கதாநாயகன் அலுத்துக்கொள்கிறான்: எனக்கு ஐந்து அடிமைகளை மீட்டால் போதும், பணி முடிந்தது. கிண்டல் யாரை? ஐந்து பேரை மீட்டால் புள்ளி, ஆறாவது ஆள் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை என்று அமைக்கப்படும் விளையாட்டுகளை. கிண்டலாக அது கூர்மையானது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான சிலர், இது எங்களுக்கு வலிக்கிறது என்றார்கள். அப்படியா என்று கேட்டு நகர்ந்திருந்தால் விஷயம் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். பதிலாக, எங்கள் படத்தைப் பார்த்து வன்முறையாளராக மாறியவர்களே, மன்னியுங்கள் என்று நையாண்டியாக இன்னொரு படம் வந்தது. பிறகு அந்தக் கற்பனை ஓநாய்களின் பெயரில் டி-ஷர்ட் விற்பனை. பாக்ஸ் விழாவில் அந்தச் சட்டைகளுக்கு நடுவே எப்படி நடமாடுவது என்று கேள்வி எழுந்ததும், 2011 ஜனவரியில் சட்டையை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். கிராஹுலிக்கின் கோபம் மட்டும் தணியவில்லை.

அவர் சிறுவயதில் பள்ளி மாறி மாறிப் படித்தவர். போன இடமெல்லாம் கேலிக்கு ஆளானவர். அவரே எழுதியிருக்கிறார். 2011 டிசம்பரில் ஒரு விளம்பர முகவர், பொருள் எப்போது வரும் என்று கேட்ட வாடிக்கையாளரை மின்னஞ்சலில் கண்டபடி ஏசினார். கிராஹுலிக் அந்தக் கடிதப் போக்குவரத்தை அப்படியே வெளியிட, லட்சக்கணக்கான கண்கள் அந்த முகவர் மேல் விழுந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். அடித்தவனைத் திருப்பி அடிக்கும் சிறுவன் என்றே அவர் தன்னைப் பார்த்தார். கையில் இருந்ததோ ஒரு நகரத்தின் மாநாட்டு மண்டபத்தை நிரப்பும் செல்வாக்கு. 2010இல் டைம் பத்திரிகை, உலகின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் இந்த இருவரையும் சேர்த்திருந்தது.

2013 ஜூனில் திருநர்களைப் பற்றி அவர் உதிர்த்த சொற்களால் மீண்டும் புயல். மன்னிப்புக் கேட்டார், 20,000 டாலர் நன்கொடை கொடுத்தார். ஃபுல்பிரைட் என்ற சிறு கேம் நிறுவனம் பாக்ஸில் கடை போடவில்லை என்று விலகிக்கொண்டது. செப்டம்பரில் அதே விழா மேடையில், டி-ஷர்ட்டை விற்பனையிலிருந்து எடுத்ததுதான் தவறு என்றார் கிராஹுலிக். அரங்கம் ஆர்ப்பரித்தது. சில நாளில் இன்னொரு மன்னிப்பு.

பெயர் மறைவு எங்கே? எல்லாம் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு, ஒலிபெருக்கியில் நடந்தது. கணக்கில் இரண்டாவது உறுப்பை அடித்துவிடலாம்; கைதட்டும் கூட்டம் ஒன்றே போதும்.

2014இல் பாக்ஸ் விழாக்களில் பன்முகத்தன்மைக்கென்று, அதாவது திருநர் போன்ற ஒதுக்கப்பட்டவர்களை வரவேற்க, ஒரு தனிக் கூடம் திறந்தார்கள். நல்லது என்றவர்கள் உண்டு. அப்படியானால் மற்றக் கூடங்கள் யாருக்கு என்று கேட்டவர்களும் உண்டு.