சரக்கறையில் பிடிக்கும் தீ

(மொரீஷியஸ், ரோஸ் ஹில்லில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1987 நவம்பர் 28. விடியற்காலை 3 மணி 49 நிமிடம். நம் பிளேசான்ஸ் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு வானொலியில் ஒரு செய்தி வருகிறது: விமானத்தில் புகை, 14,000 அடிக்கு அவசரமாக இறங்குகிறோம். தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் 295ஆம் எண் விமானம் அது. ஹெல்டர்பெர்க் என்று பெயரிட்ட போயிங் 747. தாய்பேயில் கிளம்பி, நம் தீவில் இறங்கிவிட்டு ஜோஹானஸ்பர்க் போக வேண்டியது. 4 மணி 7 நிமிடத்துக்குக் கடலில் விழுந்துவிட்டது. நிமிடக் கணக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பிறகு கிடைத்த, நின்றுபோன ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். உள்ளே இருந்த 159 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ராக்கெட் எரிபொருள், கள்ளத்தனமாக ஏற்றிய ஆயுதம் என்று அந்தப் பக்கம் போய்விடுவோம். விபத்தை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் மார்கோ கமிஷனால் தீ எப்படி மூண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையமும் கிளறிப் பார்த்தது. அந்த வழக்கை இங்கே நான் எடுக்கப்போவதில்லை. பற்றவைத்தது எதுவாக இருந்தாலும், பற்றிய பிறகு அதை அணைக்க அந்த விமானத்தில் உருப்படியான வழி இருந்ததா? அதுதான் கேள்வி. இல்லை என்பதுதான் பதில்.

ஹெல்டர்பெர்க் ஒரு ‘காம்பி’. பயணிகள் உட்காரும் அதே தளத்தின் பின்பகுதியில், ஒரு தடுப்புச் சுவருக்கு அப்பால், சரக்கு. அன்று அங்கே ஆறு பாலெட்டுகள் இருந்தன. பாலெட் என்றால் அலுமினியத் தட்டு. அதன்மேல் பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, வலை போட்டு இறுக்கிவிடுவார்கள். வலப்பக்கம் முன்னால் இருந்த பாலெட்டில்தான் தீ.

இப்படிப்பட்ட அறைக்கு ‘பி’ வகுப்பு என்று பெயர். புகை காட்டும் கருவி இருக்கும். தானாக அணைக்கும் அமைப்பு இருக்காது. மணி அடித்ததும் ஊழியர் ஒருவர் முகமூடி மாட்டிக்கொண்டு, கையில் தீயணைப்பு சிலிண்டரோடு உள்ளே போய் அணைக்க வேண்டும். காகிதத்தில் சரிதான். நிஜத்தில் தீ இருப்பது அடுக்கின் நடுவயிற்றில். சிலிண்டரிலிருந்து பீய்ச்சும் ஹாலோன் என்ற தீயணைப்பு வாயு பிளாஸ்டிக் போர்வையின் மேலேதான் படும். வலையை அவிழ்த்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கப் புகைக்குள் யாரால் முடியும்? கடலுக்கடியிலிருந்து எடுத்த ஒரு தீயணைப்பு சிலிண்டர் கருகிக் கிடந்தது. அதன்மேல் உருகிய உலோகம் ஒட்டியிருந்தது.

காற்றோட்டமும் கைவிட்டது. சாதாரணமாகப் பயணிகள் பக்கத்துக் காற்று சரக்குப் பக்கம் போகும். புகை முன்னால் வராது என்பது கணக்கு. ஆனால் சூடான வாயு விரிந்து, கூரையை ஒட்டித் தவழ்ந்து, தடுப்பைத் தாண்டி எதிர்த்திசையில் வரும். கதவைத் திறந்து ஆள் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம்.

மின்கம்பிகளும் அதே கூரைவழிதான் ஓடின. மின்சாரம் பெரும்பாலும் போய்விட்டது என்று கேப்டனே கோபுரத்துக்குச் சொன்னார். இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு 65 மைல் என்று பதில் வந்தது. அது பிளேசான்ஸிலிருந்து அல்ல, பாதையில் இருந்த வேறொரு குறிப்புள்ளியிலிருந்து. விழுந்த இடமோ நமக்கு வடகிழக்கே 134 கடல் மைல். தேடுதல் தவறான இடத்தில்தான் தொடங்கியது. குரல்பதிவுப் பெட்டியை 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து 1989 ஜனவரியில் எடுத்தார்கள்.

1993இல் அமெரிக்க விமானத்துறை விதியை மாற்றியது: பயணிகளோடு ஒரே தளத்தில் இருக்கும் சரக்கறைக்கு, ஆள் போய் அணைப்பது முதன்மை வழியாக இருக்கக் கூடாது.

‘டி’ வகுப்பின் கதையும் இதேதான். அறையை இறுக மூடிவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்து தீ தானாக அவியும் என்பது அதன் நம்பிக்கை. 1996இல் மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யூஜெட் 592ஆம் எண் விமானத்தில் ஏற்றியிருந்ததோ ஆக்சிஜன் உண்டாக்கும் ரசாயனக் குப்பிகள். எரியும் பொருளே காற்றைக் கொடுத்தால் மூடி என்ன பயன்? 110 பேர் போனார்கள். அதன்பின் ‘டி’ வகுப்பையே ஒழித்தார்கள்.

இன்றைக்குப் பயணிகள் விமானத்தின் கீழறை ‘சி’ வகுப்பு. விமானி பொத்தானை அழுத்தினால் அறை முழுக்க ஹாலோன் நிரம்பும். முதலில் 5 சதவீதம், பிறகு தரையிறங்கும்வரை 3 சதவீதத்துக்குக் குறையாமல். நல்ல ஏற்பாடு. ஆனால் லித்தியம் பேட்டரியிடம் இது பாதிதான் செல்லும். ஹாலோன் சுவாலையை அடக்கும். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் உள்ளேயும் ஏறிக்கொண்டே போகும் சூட்டைத் தொடாது. பக்கத்துச் செல்லும் சூடேறும், அதுவும் வெடிக்கும். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதற்குத் தடை வந்தது இதனால்தான்.

பவர் பேங்கைப் பெட்டியில் போடாதே, கையில் வைத்துக்கொள் என்று கவுண்டரில் சொல்வதும் இதற்குத்தான். பலர் முகம் சுளிக்கிறார்கள். வரம்பு 100 வாட்-ஹவர், அதாவது பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவு. கணக்கு சுலபம்: பவர் பேங்கின்மேல் போட்டிருக்கும் மில்லியாம்ப்-ஹவரை (mAh) ஆயிரத்தால் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74, தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111. நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் கொண்டுபோகவே முடியாது. கைப்பெட்டியில் இடமில்லை, கீழே அனுப்புகிறோம் என்று வாசலில் வாங்கும்போது, பவர் பேங்கை எடுத்துவிட்டுக் கொடுங்கள். அந்த அவசரத்தில்தான் மறக்கிறது.

இன்னொன்று. சாயும் இருக்கைக்குள் கைபேசி விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்காதீர்கள், கையை விட்டுத் துழாவாதீர்கள். இருக்கையின் சட்டத்தில் நசுங்கினால் பேட்டரி பற்றிக்கொள்ளும். பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். பற்றிவிட்டால் அவர்கள் முதலில் ஹாலோன் அடிப்பார்கள், பிறகு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தள்ளுவண்டியில் இருக்கும் தண்ணீர் பாட்டில், ஜூஸ், எது கிடைத்தாலும் சரி. ஐஸ் மட்டும் வைப்பதில்லை. அது மேலே மூடிக்கொண்டு சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.