தண்ணீர்க் கணக்கு யார் கையில்?

புதுச்சேரி, கடலூர் நேயர்களுக்கு வணக்கம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வு என்றால் முதல் நாளே தொட்டிக் கரையைக் கழுவி, பதிவேட்டை எழுதி முடித்துவிடுவோம். ஆலையை நடத்த வாரியம் தரும் இசைவாணை கைக்கு வந்ததும் மேலாளர்கள் எங்கள் பக்கமே வரமாட்டார்கள். சட்டத்துக்கு வேண்டியது நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியது. கொதிகலனுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. டேங்கர் லாரிகள் வரத் தொடங்கின. அப்போதுதான் உற்பத்திக் கூட்டத்துக்கு என்னை முதல்முறையாகக் கூப்பிட்டார்கள். “ஒரு பேட்சுக்கு, அதாவது ஒரு தடவை சரக்குச் செய்து முடிக்க, எவ்வளவு தண்ணீர் செலவாகிறது?” என்று கேட்டார் ஆலைத் தலைவர். ஒருவருக்கும் தெரியவில்லை. மொத்த ஆலைக்கும் சேர்த்து எங்கள் தொட்டி வாசலில் ஒரே ஒரு மீட்டர்தான் இருந்தது.

சரி என்று ஒவ்வொரு பிரிவிலும் மீட்டர் வைத்தோம். பேட்ச் முடிந்ததும், சரக்குத் தயாராகும் பெரிய கலனான ரியாக்டரை ஹோஸ் பைப்பால் கழுவுவதில்தான் தண்ணீர் ஆறாக ஓடியது. பைப் முனையில் அழுத்தமாகப் பீய்ச்சும் நாசில் பொருத்தினோம். கடைசியாக அலசிய தண்ணீர் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். அதைத் தனித் தொட்டியில் பிடித்து, அதே சரக்கின் அடுத்த பேட்சுக்கு முதல் கழுவலாக்கினோம். டேங்கர் நடை குறைந்தது. கழிவு குறைந்ததால் சுத்திகரிப்புக்கான மருந்துச் செலவும் குறைந்தது. இதைச் செய்யச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை.

2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவுக் கணக்கை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்குக் காட்டியாக வேண்டும். நல்ல விதி. ஆனால் ஆலோசகர் ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. அடுத்த யூனிட்டை எங்கே கட்டுவது, எந்தச் சரக்கைச் செய்வது என்று முடிவெடுக்கிறவர் அந்த எண்களைப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலையும், 2015-ல் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. இங்கே பத்து வருடத் தொழில் திட்டம் போடுகிறவர் தண்ணீரையும் கடலையும் விட்டுவிட்டு எதைக் கணக்குப் போடுவார்?

2004-லேயே சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தக் கணக்கை ஆலைக்குள் இருந்த நாங்கள் அல்லவா முதலில் எடுத்திருக்க வேண்டும்? அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நான் ஓய்வு பெறும்வரை, காலை ஷிப்ட் தொடங்கும்போது உற்பத்திப் பலகையில் பேட்ச் எண்ணுக்குப் பக்கத்திலேயே முந்தைய நாள் தண்ணீர் அளவையும் எழுதிவந்தோம்.