நெடுந்தூரப் போட்டி குழந்தைக்குச் சுமையே

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் அவையோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகளை நெடுந்தூர ஓட்டப் போட்டிகளில் ஓட வைப்பது அவர்களின் வளர்ச்சிக்குத் துணையா, சுமையா என்பது இன்றைய தலைப்பு. சுமையே என்று வாதிட எங்கள் அணி வந்திருக்கிறது. எனக்கு முன்பு பேசிய எதிரணித் தலைவர், ஓடுவதால் குழந்தையின் இதயம் வலுப்படுகிறது, உடல் பருமன் குறைகிறது, கைப்பேசித் திரையிலிருந்து கண் விலகுகிறது என்று நன்மைகளை வரிசையாக அடுக்கினார். அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் மறுக்கவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை நன்றாக இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் அவர் அடுக்கியவை அனைத்தும் ஓட்டத்தின் நன்மைகள். தலைப்பில் இருப்பதோ போட்டி. ஓட்டம் சம்பாதித்ததை எடுத்துப் போட்டியின் கணக்கில் வரவு வைத்துவிட்டார் என்பதே என் முதல் முறையீடு.

ஒரு குழந்தை தன் போக்கில் ஓடுவதைச் சிறிது நேரம் நின்று பாருங்கள். சில நொடிகள் பாய்ந்து ஓடும், நிற்கும், முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கும், யாராவது தொட வந்தால் மறுபடியும் பாயும். அப்படி ஒரு மாலைப் பொழுதில் அது கடக்கும் மொத்தத் தூரம், நம்மில் பலர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நடைப்பயிற்சியைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனால் எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்ற முடிவு முழுவதும் அதன் கையில் இருக்கிறது. வலித்தால் நிற்கலாம், வெயில் சுட்டால் நிழலுக்குப் போகலாம், சலித்தால் வேறு விளையாட்டுக்கு மாறலாம். இயற்கை குழந்தைக்குக் கொடுத்திருக்கும் காப்பு இதுதான். இதே குழந்தையின் மார்பில் எண்ணைக் குத்தி, மூன்று கிலோமீட்டர் போட்டியின் தொடக்கக் கோட்டில் நிறுத்துங்கள். விசில் ஊதியதும் அது நூறு மீட்டர் ஓட்டம்போலப் பாயும், ஏனென்றால் தூரத்துக்கேற்ப வேகத்தைப் பங்கிட்டு ஓடும் கணக்கு அந்த வயதில் கைவந்திருக்காது. இரண்டாம் வளைவுக்குள் முகம் சிவந்துவிடும். ஒரு கை விலாவைப் பிடித்துக்கொண்டிருக்கும். கண்கள் கயிற்றுக்கு அப்பால் பெற்றோரைத் தேடும். 'நிக்காதே, நிக்காதே, இன்னும் கொஞ்சம்தான்' என்று கத்தியபடி, படம் பிடிக்கும் கைப்பேசியோடு அப்பா கூடவே ஓடி வருவார். நில் என்று உடல் சொல்கிறது. நின்றால் அவமானம் என்று கூட்டம் சொல்கிறது. எட்டு வயதில் அந்தக் குழந்தை யார் பேச்சைக் கேட்கும், நடுவர் அவர்களே? எங்கள் வாதம் முழுவதும் இந்தக் கேள்வியின் மீதுதான் நிற்கிறது.

உடலின் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஒரே வேகத்தில் ஓடும்போது, எடைக்கு எடை கணக்கிட்டால், பெரியவருக்குச் செலவாவதைவிடக் குழந்தைக்கு அதிக ஆக்சிஜன் செலவாகிறது. அதனால் உண்டாகும் வெப்பமும் அதிகம். பருவமடையாத குழந்தைக்குப் பெரியவரைப்போல் வியர்ப்பதில்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடுதல் என்பதால், இதமான வானிலையில் அந்தத் தோலே வெப்பத்தை வெளியேற்றி உதவுகிறது என்பது உண்மை. ஆனால் காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிய நாளில், அதே தோல் வெளியில் இருக்கும் வெப்பத்தை உள்ளே வாங்கத் தொடங்குகிறது. விளையாடும் குழந்தை இதையெல்லாம் அறியாமலேயே மர நிழலில் போய் உட்கார்ந்துவிடும். போட்டியில் ஓடும் குழந்தைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் எதிரணியினர் மூவரும் அதைத் தொடாமலேயே கடந்துவிட்டார்கள். வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்தட்டுகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். சுற்றியிருக்கும் முதிர்ந்த எலும்பையும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணையும்விட அந்தப் பகுதி வலுக் குறைந்தது. ஆகவே, திரும்பத் திரும்ப இழுபடும்போது பெரியவருக்குத் தசைநாணில் வரும் பாதிப்பு, குழந்தைக்கு வளரும் எலும்பு முனையில் வருகிறது. குதிகாலில் வந்தால் சீவர் நோய் என்றும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்புப் புடைப்பில் வந்தால் ஆஸ்குட் ஸ்லாட்டர் நோய் என்றும் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். முதலாவதைக் கண்டறியும் வழி எளிது. குதிகாலின் இரு பக்கங்களையும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் சேர்த்து அழுத்தினால், அதுவரை 'ஒண்ணுமில்லை' என்று சாதித்துக்கொண்டிருந்த குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் வலியை மறைத்து, குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் நடக்கும் குழந்தைகள் உண்டு. ஓய்வு கொடுத்தால் இந்த வலி பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். போட்டிகளின் நாட்காட்டியில் கிடைக்காத ஒரே பொருள் அந்த ஓய்வுதான். இந்த வாரம் முடிந்தால் அடுத்த வாரம் அடுத்த சுற்று காத்திருக்கும். வாரத்தில் ஓரிரு நாள்களும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதங்களும் குழந்தை தன் முதன்மை விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15 அல்லது 16 வயது வரையாவது தள்ளிப்போட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. விளையாட்டுக்கு எதிரிகள் சொன்ன அறிவுரையாக அதைக் கொள்ள முடியாது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கொண்டுவந்த சான்று வலுவானது என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடக்கும் ட்வின் சிட்டீஸ் மாரத்தானில் 26 ஆண்டுக் காலத்தில் ஓடி முடித்த 18 வயதுக்குட்பட்டவர்களை ஆராய்ந்தபோது, மருத்துவக் கூடாரத்தின் உதவி தேவைப்பட்டவர்கள் மிகச் சிலரே என்று தெரியவந்ததை அவர் எடுத்துச் சொன்னார். உண்மைதான். ஆனால் மருத்துவக் கூடாரம் அந்த ஒரு நாளின் கணக்கை மட்டுமே வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் பயிற்சியின்போதே குதிகாலையும் முழங்காலையும் கெடுத்துக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கே வராமல் போன குழந்தைகள் அந்தக் கணக்கில் எப்படி இருப்பார்கள்? ஓடி முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு ஓட்டம் என்ற பேச்சை எடுத்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்களை எந்தக் கூடாரம் எண்ணியது?

கனடாவின் மொரீன் வில்டனைப் பற்றியும் அவர் நெகிழ்ந்து பேசினார். 1967 மே மாதம் டொராண்டோவில் 13 வயதில் மாரத்தானை 3 மணி 15 நிமிடங்களில் ஓடி, பெண்களுக்கான உலகின் அன்றைய மிகச் சிறந்த நேரத்தைப் பதித்தவர் அவர். பதின்மூன்று வயது நம் தலைப்புக்கு வெளியே நிற்கிறது என்பதைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுகிறேன். அவர் பதின்ம வயது முடிவதற்கு முன்பே போட்டி ஓட்டத்தை விட்டுவிட்டார் என்ற மறுபாதியையும் நண்பர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஓட்டம் மட்டுமே காரணம் என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஒருவருடைய வாழ்க்கையை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது என்பது இரு அணிகளுக்கும் பொதுவானது. விதி எழுதும் பொறுப்பில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டியது. 1970களில் நியூயார்க் மாரத்தானில் எட்டு வயதுச் சிறுவர்கள்கூட ஓடினார்கள். பின்னர் வயது வரம்பு வந்தது; இன்று அங்கும், பாஸ்டனிலும், லண்டனிலும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் 18 வயதுக்குட்பட்ட வீரர்களுக்கு 10,000 மீட்டர் ஓட்டத்திலும் மாரத்தானிலும் இடமில்லை. 2022இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஃப்ளையிங் பிக் மாரத்தானில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றோருடன் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியும் நடந்தும் முடித்தபோது பெரும் கண்டனம் எழுந்தது. வரும் ஆண்டு முதல் 18 வயது வரம்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம் என்று அமைப்பாளர்களே அறிவித்தார்கள்.

உடனே எதிரணியிலிருந்து ஒரு குரல் எழும்: நாங்கள் மாரத்தானையா கேட்டோம், மூன்று, ஐந்து கிலோமீட்டர்தானே கேட்கிறோம்? நியாயமான கேள்விதான். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு மூன்று கிலோமீட்டர் என்பது இருபது நிமிடத்தை ஒட்டிய இடைவிடாத உழைப்பு. அதன் அளவில் அது நெடுந்தூரமே. அதோடு, இடம் என்றும் நேரம் என்றும் சாதனை என்றும் எழுதத் தொடங்கிய பிறகு தூரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2006 மே மாதம் ஒடிசாவில் நான்கு வயது புதியா சிங் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டரை ஏழு மணி இரண்டு நிமிடங்களில் ஓடியதை நாடே பார்த்தது; ஓட்டத்தின் இறுதியில் அவன் துவண்டு விழுந்ததையும் பார்த்தது. பிறகு மாநில அரசு அவனுடைய நெடுந்தூர ஓட்டங்களுக்குத் தடை விதித்தது. முதல் நாளே யாரும் 65 கிலோமீட்டரைக் கேட்டிருக்க மாட்டார்கள். 'ஓடுகிறானே, இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே' என்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

திறமையை இளமையிலேயே கண்டெடுக்க வேண்டாமா என்று மூன்றாம் பேச்சாளர் கேட்டார். பத்து வயதுப் போட்டியில் முதலில் வருவது பல நேரங்களில் முன்கூட்டியே வளர்ந்துவிட்ட உடலும், அதே வகுப்பில் சில மாதங்கள் மூத்த பிறந்தநாளும்தான். 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் மாரத்தான் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃப், 12 வயதில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான குறுக்குநில ஓட்டத்தில் 299ஆவது இடத்தில் வந்தார். அவரும் அந்த வயதில் போட்டியில்தானே ஓடினார் என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும், அந்த அளவுக்கு இந்த எடுத்துக்காட்டு அவர்களுக்கும் பயன்படும். நான் காட்டுவது அந்த 299 என்ற எண்ணை. அந்த வயதின் தரவரிசை எதையும் கண்டெடுக்கவில்லை; கண்டெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு நாம் நடத்தும் போட்டியில், அந்த எண்ணைப் பெற்ற எத்தனையோ குழந்தைகளிடம் 'உனக்கு ஓட்டம் வராது' என்று அன்றே சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

குழந்தையே ஆசைப்படுகிறது என்பது கடைசி அரண். ஆசைப்படும்தான், வீட்டில் எல்லோருடைய முகமும் எதைக் கண்டு மலர்கிறதோ அதை எந்தக் குழந்தை விரும்பாது? தொடங்குவதற்கு அதன் சம்மதத்தைக் கேட்கும் நாம், பாதியில் அது நிறுத்த விரும்பினால் அதே மரியாதையைக் கொடுப்போமா?

ஆகவே குழந்தைகளை வீட்டில் பூட்டி வையுங்கள் என்று எங்கள் அணி சொல்கிறதா? உலகத் தடகள அமைப்பே குழந்தைகளுக்காக வகுத்த திட்டத்தில் எட்டு நிமிட ஓட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 150 மீட்டர் வட்டப் பாதையில் குழுவாக ஓடுவார்கள். ஒரு சுற்று முடிக்கும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் கையில் ஓர் அட்டையோ பந்தோ கொடுக்கப்படும். எட்டு நிமிடம் முடிந்ததும் குழுவிடம் சேர்ந்தவை எண்ணப்படும். நடந்து முடித்த சுற்றுக்கும் அட்டை உண்டு. இடையில் நின்று மூச்சு வாங்கிய குழந்தையின் அட்டையும் குழுவின் கணக்கில் சேரும். யார் கடைசி என்று எவருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். குழந்தை எட்டு நிமிடமும் இயங்குகிறது, அதன் இதயத்துக்கு வேண்டிய உழைப்பும் கிடைக்கிறது. எதிரணித் தலைவர் அடுக்கிய நன்மைகளில் ஒன்றும் குறையவில்லை. குறைந்தவை, தனி இடமும் தனி நேரமும் கழுத்தில் தொங்கும் பதக்கமும் மட்டுமே. அவை யாருக்காக வேண்டியிருந்தன என்பதை நடுவர் அவர்களின் தீர்ப்புக்கே விட்டு அமர்கிறேன். வணக்கம்.