ஒரே தகடு, இரண்டு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். உருக்காலை இருக்கிற சேலத்தில் எவர்சில்வரைப் பற்றிப் பேச வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் தகட்டோடு வருகிற காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

குடம் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்தால் போதும். அழுத்தம் தாங்கும் கலன் என்றால், ஏ.எஸ்.எம்.இ. என்கிற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிகள் தகட்டின் ஜாதகத்தையே கேட்கும். ஆலை தருகிற டெஸ்ட் சர்டிபிகேட்தான் அந்த ஜாதகம். அது இந்தத் தகட்டுக்குத்தான் என்று சொல்ல, தகட்டின் மேலிருக்கும் ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண், ஒன்றுதான் சாட்சி.

304 என்பது எவர்சில்வரில் ஒரு ரகம், 304எல் அதிலேயே கார்பன் குறைந்த ரகம். வாடிக்கையாளர் 304எல் கேட்கிறார், பட்டறையில் 304 இருக்கிறது. சர்டிபிகேட்டைப் பார்த்தால் கார்பன் 0.022 சதவீதம். எல் ரகத்துக்கு உச்சவரம்பு 0.03. கார்பன் கூடினால் வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். இழுத்தால் தாங்கும் வலிமை? 304 கேட்பது குறைந்தது 515 மெகாபாஸ்கல், எல் கேட்பது 485. மற்ற எண்களும் பொருந்தினால் அந்தத் தகடு பிறவியிலேயே இரண்டு ரகமும்தான். மறுசான்று என்பது அதைச் சரிபார்த்து, மூலச் சான்றிதழையும் கூடவே வைத்து எழுதிக் கொடுப்பது. காகிதத்தில் ஒரு 'எல்' சேர்த்து டைப் அடிப்பதை மறுசான்று என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு வேறு பெயர் உண்டு.

சரி, கார்பன் குறைந்தால் எப்போதும் நல்லதா? இல்லை. 538 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேலை செய்யும் கலனுக்கு 304 போட்டால் கார்பன் 0.04 ஆவது வேண்டும். இப்படி இரண்டு ரகமாகவும் இரட்டைச் சான்று பெற்ற நம் தகட்டில் இருப்பது 0.022தான், அங்கே தேறாது.

ஒரு பட்டறையில் உதவிக்கு இருந்த பையன், மிச்சத் தகட்டைச் சுத்தமாக வைக்கிறேன் என்று கிரைண்டரைப் போட்டு ஹீட் நம்பரையே தேய்த்துவிட்டான். "சார், என் கண் முன்னாடி வெட்டினதுங்க, அதே பிளேட்தான்" என்றார் முதலாளி. நான் அவரை நம்பினேன், விதி நம்பாது. அடையாளம் போன தகட்டில் ஒவ்வொரு துண்டையும் சோதிக்க வேண்டும். உருட்டிய திசையும் தெரியாததால், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு மாதிரி வெட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். மாதிரிக்கு வெட்டியது போக மிஞ்சியது கலனுக்குப் போதவில்லை. இப்போது அது பட்டறை வாசலில் மிதிபடியாகக் கிடக்கிறது.