'பிறகு பார்க்கலாம்' என்ற பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம். கணினிப் பாதுகாப்பைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: "என்கிட்ட என்ன இருக்கு, எவன் வந்து திருடப் போறான்?" பல வருடமாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியோடுதான். இன்றைக்கும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

உங்களை யாரும் தேர்ந்தெடுத்து வருவதில்லை. பெரும்பாலும் வருவது ஆளே இல்லை, ஒரு புரோகிராம். இணையத்தில் இருக்கிற முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகும். திறந்திருந்தால் நுழையும். இது யாருடைய கணினி, இதில் என்ன இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை.

2017 மே 12, ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு உலகம் முழுக்கக் கணினித் திரைகளில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து நின்றது. உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், 300 டாலரை பிட்காயினாகக் கட்டு, மூன்று நாள் தாண்டினால் இரட்டிப்பு என்று மிரட்டல். வான்னாகிரை என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைகள் திணறின. நோயாளியின் விவரங்களைத் திறக்க முடியவில்லை, ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் ரத்தாயின, சில இடங்களில் ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பினார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்த அந்த நோயாளிகள்மேல் யாருக்கு என்ன பகை? ஒருவருக்கும் கிடையாது. யாரும் எதையும் அழுத்தக்கூடத் தேவைப்படவில்லை. விண்டோஸில் ஓர் ஓட்டை இருந்தது. அது வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு வான்னாகிரை தானாகவே தாவியது.

இந்தக் கதையில் நான் எப்போதும் நிறுத்திச் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. 59 நாள் முன்னால். அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக வான்னாகிரை நுழைய முடியவில்லை. ஸ்கேன் இயந்திரத்தோடு இணைந்திருக்கிற மருத்துவமனைக் கணினியை நினைத்த நேரத்தில் நிறுத்திவிட முடியாது, அது நியாயம். சில இடங்களில் அப்டேட்டே நின்றுபோன பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டில் இருக்கிற நமக்கு என்ன காரணம்? 'பிறகு நினைவூட்டு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துவது சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் அது எப்படி அடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புரோகிராம் வேலையை ஆரம்பிக்கும் முன் யாரும் பதிவு செய்யாத, வாயில் நுழையாத ஓர் இணைய முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் வராவிட்டால்தான் மேலே போகும். பிரிட்டனைச் சேர்ந்த 22 வயது ஆராய்ச்சியாளர் ஒருவர் அதைக் கவனித்து, சில டாலர் கட்டி அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். அங்கிருந்து பதில் வர ஆரம்பித்ததும் பரவல் நின்றது. எல்லாத் தடவையும் இப்படி ஒருவர் கிடைக்க மாட்டார்.

இன்னொன்று, இது பலருக்குத் தோன்றுவதில்லை. அப்டேட் வெளியான நாளிலிருந்துதான் ஆபத்து கூடுகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்தவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும். தானாக அப்டேட் ஆகும் வசதியைப் போட்டுவையுங்கள். இறங்கிய அப்டேட் பலநேரம் ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வேலை செய்யும். மாதக்கணக்கில் மூடியை மட்டும் மூடித் திறக்கிற லேப்டாப்பில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். போனுக்கும் இதேதான், பிரவுசருக்கும் இதேதான், மூலையில் விளக்கு மினுக்குகிற வைஃபை ரவுட்டருக்கும் இதேதான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள் வருவது, 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

பாஸ்வேர்டுக்கு வருகிறேன். இங்கேயும் உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. 2012-இல் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட விவரங்கள் 2016-இல் விற்பனைக்கு வந்தன, பதினோரு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள். இப்படிக் கசிகிற பட்டியல்களில் இருக்கிற மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் எடுத்து, ஒரு புரோகிராம் மற்ற தளங்களில் எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்க்கும். எவ்வளவு கடினமான பாஸ்வேர்டாக இருந்தாலும், அதையே பத்து இடத்தில் வைத்திருந்தால் ஓர் இடம் கசிந்ததும் பத்தும் போச்சு. இடத்துக்கு ஒன்று. இதைத் திரும்பவும் சொல்கிறேன், இடத்துக்கு ஒன்று. அத்தனையும் எப்படி ஞாபகம் வைப்பது என்றால், வைக்கவே வேண்டாம். பாஸ்வேர்ட் மேனேஜர் என்று ஆப்கள் இருக்கின்றன. அது பழகாதவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். பலர் இதைத் தப்பு என்பார்கள். இணையம் வழியாக வருகிற புரோகிராமால் அலமாரியில் இருக்கிற நோட்டைப் படிக்க முடியாது என்பதுதான் என் பதில்.

முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் பாஸ்வேர்டை. வேறு எந்தக் கணக்குக்கும் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் கடிதம் வந்து விழுவது பெரும்பாலும் அங்கேதான். அதை வைத்திருப்பவன் மற்றதையும் வாங்கிவிடுவான். அதில் இரண்டு படிச் சரிபார்ப்பையும், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு போனுக்கு வரும் எண் போல இன்னொன்றையும் கேட்கிற வசதியையும், போட்டுவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகக் கைகாட்டுகிறார்கள். பேக்கப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். போட்டோக்களையும் முக்கியமான கோப்புகளையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். எடுத்து முடித்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் வான்னாகிரை மாதிரி ஒன்று வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஓடிபி கேட்டு யார் கூப்பிட்டாலும் சொல்லாமல் போனை வையுங்கள், சந்தேகம் இருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.